கருப்பட்டி விலையும் வாக்குத்தத்தமும்

எங்கள் அப்பா கடையில் வேதவசன அட்டை கல்லாவுக்கு மேலே தொங்கவில்லை. தராசுக்குப் பக்கத்தில், நிறுக்கிறவர் கண்ணுக்கு நேரே தொங்கியது. உடன்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அன்றைக்கு அது திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல்தான். அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். பனையேறிகளிடம் வாங்கி, சிப்பம் கட்டி, வெளியூருக்கு அனுப்புவார். தாத்தா பனையேறி. அவர் மரம் ஏறப் பயன்படுத்திய தளைநாரும் முருக்குத்தடியும் ரொம்ப காலம் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன.

அந்த அட்டை டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கிடைத்தது. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு உபதேசியார் வாக்குத்தத்த அட்டைகளை எழுத உட்கார்ந்துவிடுவார். பழைய காலண்டர் அட்டையைச் சதுரமாக வெட்டி, பின்பக்க வெள்ளையில் பட்டை நிப்புப் பேனாவால் குண்டு குண்டாக எழுதுவார். குடும்பத்துக்கு ஒன்று. கோயிலில் எல்லாரும் முழங்காலில் நின்று பழைய வருஷத்தை முடித்துப் புது வருஷத்துக்குள் வந்ததும், தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை வீட்டுப் பெரியவர் எடுப்பார். அந்த வருஷம் முழுவதற்கும் அந்த வீட்டுக்கு அந்த ஒரு வசனம்தான். பிடிக்கவில்லை என்று மாற்றிக்கொள்ள முடியாது. உபதேசியாருக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது: வசனத்தைப் பாதியில் வெட்டமாட்டார். இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குவாரே தவிர, வசனத்தைச் சிறிதாக்கமாட்டார்.

அந்தப் பிடிவாதம்தான் எங்கள் வீட்டுக் கணக்கையே மாற்றியது. 1970களின் நடுவில் ஒரு வருஷம் அப்பா எடுத்த அட்டை எபிரெயர் 13:5. உன்னைவிட்டு விலகவும் மாட்டேன், கைவிடவும் மாட்டேன் என்று தேவன் சொன்னதாக வரும் வசனம். கிறிஸ்தவ வீடுகளில் குழந்தைகள்கூட மனப்பாடமாகச் சொல்லும். ஆனால் அந்த வாக்கு வசனத்தின் பின்பாதி. முன்பாதி பணத்தைப் பற்றியது: பணத்தின்மேல் ஆசை வைக்காமல் நடங்கள், கையில் இருப்பது போதும் என்று இருங்கள் என்கிறது. நான் கூடவே இருப்பேன் என்பது அப்படி நடக்கச் சொன்னதற்கான காரணமாகவே அங்கே வருகிறது. உபதேசியார் இரண்டு பாதியையும் எழுதியிருந்தார். அப்பா இரண்டையும் படித்தார்.

கருப்பட்டி வியாபாரம் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். பங்குனியில் பாளை சீவத் தொடங்கினால் ஆவணிவரை பதநீர் இருக்கும். மரம் ஒவ்வொன்றிலும் காலையும் மாலையும் ஏறி இறங்கவேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும். இறக்கியதை விடிலி என்ற ஓலைக்குடிசையில் பெண்கள் காய்ச்சுவார்கள். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டு, புகையில் கண் எரிய எரியக் கிண்டி, பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். இத்தனையும் சில மாதங்களுக்குத்தான். புரட்டாசி பிறந்துவிட்டால் பனையேறி வீட்டில் அடுப்பு எரிய வழியில்லை. அப்போது வியாபாரி முன்பணம் கொடுப்பார். கொடுக்கும்போதே அடுத்த பருவத்துக் கருப்பட்டிக்கு விலை பேசிவிடுவார். அந்த விலை சந்தை விலைக்கு எப்போதும் கீழேதான் இருக்கும். பசித்த வீட்டில் விலை பேச யாருக்கு வாய் வரும்? எல்லா வியாபாரிகளும் செய்தது இது. அப்பாவும் செய்தார். இதைத் தவறு என்று கோயிலில்கூட யாரும் பிரசங்கித்ததில்லை.

அந்த வருஷம் பங்குனியில் முதல் சிப்பம் வந்தபோது அப்பா பேசிவைத்த விலையை விட்டுவிட்டு, அன்றைய சந்தை விலைக்குக் கணக்குப் போட்டு, முன்பணத்தை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். வாங்கிய பனையேறி ரூபாயைத் திரும்பத் திரும்ப எண்ணிவிட்டு, "அண்ணாச்சி, கணக்குல எங்கயோ தப்பு இருக்கு. மறுபடி பாருங்க" என்று நீட்டினார். அப்பா, "கணக்கு சரிதான் தம்பி, வீட்டுக்குப் போ" என்றார்.

இரவு அம்மா சும்மா விடவில்லை. "முன்பணம் வாங்கினவனுக்கும் சந்தை விலைன்னா நமக்கு என்னங்க மிஞ்சும்? ரெண்டு பொம்பளப் பிள்ள இருக்கு."

"மிஞ்சுறது மிஞ்சட்டும், ஏளா. கைவிடமாட்டேன்னு சொன்னவரு நம்ம வீட்டுக்கு மட்டுமா சொன்னாரு? அவன் வீட்டுலயும் அந்த அட்டை வந்திருக்கலாம்."

நம்பினதால் வியாபாரம் பெருகியது, வீடு மாடியானது என்று எழுத எனக்கு வழியில்லை. அப்படி நடக்கவில்லை. கூட வியாபாரம் செய்தவர்கள் அப்பாவோடு பேச்சை நிறுத்தினார்கள். அவரால் தங்கள் ஆட்களும் விலை கேட்கிறார்கள் என்ற கோபம். அவர்கள் வீடெல்லாம் காரையும் மாடியுமாக எழும்பியபோது எங்கள் வீட்டின் பின்கட்டு ஓலையாகவே இருந்தது. ஆனால் பட்டினி கிடக்கவில்லை. அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவாள், மிஷனெரி காணிக்கைக்கு. அந்தப் பானையில் ஒரு நாளும் அரிசி விழாமல் இருந்ததில்லை. இதை நான் அற்புதம் என்று சொல்லமாட்டேன். இருப்பது போதும் என்று முடிவு செய்த வீட்டில் நடந்தது இது.

வசனத்தைச் சீட்டாக எடுக்கிற வழக்கம் எங்கள் ஊரில் பிறந்ததல்ல. ஜெர்மனியில் போகாட்ஸ்கி என்ற பக்தர் 1718இல் வசனங்களைத் திரட்டி, தேவபிள்ளைகளின் பொற்பேழை என்ற பொருள்படும் பெயரில் வெளியிட்டார். அவர் படித்தது ஹாலேயில். தரங்கம்பாடிக்கு 1706இல் சீகன்பால்குவை அனுப்பிய பக்தி இயக்கத்தின் நடுவிடம் அதுதான். அதே ஹாலேயில் பள்ளிப்பிள்ளையாகத் தரங்கம்பாடிச் செய்திகளைக் கேட்டு வளர்ந்த சின்சென்டார்ஃப் பிரபு, ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் அகதிகளாக வந்து குடியேறிய மொராவியக் கிறிஸ்தவர்களுக்கு 1728இல் அன்றன்றைக்கு ஒரு வசனம் கொடுக்கத் தொடங்கினார். 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாக வருகிறது. இன்றும் சீட்டுப் போட்டுத்தான் வசனம் தேர்ந்தெடுக்கிறார்கள். ஹெர்ன்ஹூட்டில் அந்த வசனத்தை ஒருவர் வீடு வீடாக எடுத்துப்போய்ச் சொல்வாராம். உழப் போகிறவனும் தறியில் உட்காருகிறவனும் ஒரே வசனத்தோடு நாளைத் தொடங்கினார்கள். அதைப் படித்தபோது அப்பாவின் தராசு எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. வேலைக்குப் போகிறவன் கையில் கொடுப்பதற்காகவே உண்டான வழக்கம் இது.

இன்றைக்குக் காலையில் கண்விழித்ததும் என் கைபேசியில் வாக்குத்தத்தங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. குடும்பக் குழுவில் ஒன்று, சபைக் குழுவில் ஒன்று, பெண்கள் ஐக்கியத்தில் ஒன்று, துபாயில் இருக்கும் தங்கை மகளிடமிருந்து ஒன்று. சூரிய உதயம், நீரோடை, விரித்த சிறகு எல்லாம் பின்னணியில். அவற்றை அனுப்புகிறவர்கள் அன்போடு அனுப்புகிறார்கள். தங்கை மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடிந்து பேருந்தில் வரும்போது அன்றைய வசனத்தை எனக்கு அனுப்பிவிட்டுத்தான் தூங்குவாள். அந்த வசனம் அவளை ஒரு இரவு முழுக்க அந்நிய ஊரில் நோயாளிகள் பக்கத்தில் நிற்கவைத்திருக்கிறது. அது எனக்குப் பெரிய காரியம்.

என் வருத்தம் வசனங்களை வெட்டுவதில் இருக்கிறது. புத்தாண்டு நள்ளிரவில் பெரிய மண்டபங்களில் வாக்குத்தத்தம் அறிவிக்கிறார்கள். விடியுமுன்னே அது லேமினேட் செய்த அட்டையாக, கார் ஸ்டிக்கராக, பிளக்ஸ் பலகையாக வந்துவிடுகிறது. எபிரெயர் 13:5 அவற்றில் அடிக்கடி வருகிறது. நான் பார்த்த அட்டைகளில் பின்பாதி மட்டும்தான் இருந்தது. பணத்தாசையைப் பற்றிய முன்பாதியைக் காணோம். அப்பாவின் கையில் பின்பாதி மட்டும் கிடைத்திருந்தால் அவர் ஆறுதலோடு தூங்கியிருப்பார். பனையேறிக்குப் பழைய விலையே கிடைத்திருக்கும்.

எரேமியா 29:11 இன்னும் பாடுபடுகிறது. சமாதானத்துக்கான நினைவுகளை உங்கள்மேல் வைத்திருக்கிறேன், எதிர்பார்க்கும் முடிவைத் தருவேன் என்ற பொருளில் வரும் வசனம். வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளைக்கும், விசாவுக்குக் காத்திருக்கிற மருமகனுக்கும், வரன் அமையாத பெண்ணுக்கும் இதைத்தான் அனுப்புகிறோம். யாருக்கு முதலில் எழுதப்பட்டது? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி தேவாலயத்தில் எல்லார் முன்னிலையிலும் ஒரு வாக்குச் சொல்கிறான்: இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள். எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தையும் பிடுங்கி உடைக்கிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! அதற்குப் பிறகு எரேமியா எழுதிய கடிதம்தான் 29ஆம் அதிகாரம். அதில் அவர் சொல்கிற கணக்கு 70 வருஷம். கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகர் பாபிலோனிலேயே மண்ணாவார்கள் என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது. அதனால்தான் கடிதம் வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்று தொடங்குகிறது. சிறைபிடித்துக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் நன்மைக்காக ஜெபிக்கவும் சொல்கிறது.

எந்த வாக்கை நம்புகிறோம் என்பது மறுநாள் காலையில் என்ன செய்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டு வருஷத்தை நம்பினவன் மூட்டையை அவிழ்க்கமாட்டான். அக்கம்பக்கத்தாரோடு பழகமாட்டான், கிணறு தோண்டமாட்டான், இந்த ஊர் எப்படிப் போனால் எனக்கென்ன என்று இருப்பான். எழுபதை நம்பினவனுக்கு வேலை இருக்கிறது. அவன் பேரப்பிள்ளைகளுக்காக மரம் வைக்கிறான், கடனைத் தீர்க்கிறான், அந்த ஊர்க்காரனோடு நேர்மையாகக் கொடுக்கல் வாங்கல் செய்கிறான். தேவன் வாக்கு மாறமாட்டார் என்று இரண்டு பேருமே சொல்வார்கள். வித்தியாசம் அவர்கள் வாசலில் தெரியும்.

எரேமியா தானும் அப்படித்தான் செய்தார். எருசலேமைப் பாபிலோன் சேனை வளைத்திருக்கிறது. அவரோ காவற்சாலையின் முற்றத்தில் கைதி. அந்த நேரத்தில் தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். எதிரியின் சேனை தேசமெங்கும் பரவிவிட்ட காலத்தில் நிலத்துக்கு என்ன விலை? ஆனாலும் எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துக் கையெழுத்துப் போட்டு, கிரயப்பத்திரத்தை நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லிப் பாருக்கிடம் கொடுக்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் விற்று வாங்கப்படும் என்ற வாக்கை நம்பினதன் அடையாளம் அந்தப் பத்திரம். 32ஆம் அதிகாரம். எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் இதைப் படித்தபோது பத்திரப்பதிவு ஆபீசில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு அக்கா, "ஒரிஜினல் ஒண்ணு, காப்பி ஒண்ணு. முறையா பண்ணியிருக்காருல்ல" என்று வியந்தார். எனக்கு அந்த வியப்பு பிடித்திருந்தது. முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று வேதத்திலேயே இருக்கிறது.

வாக்குத்தத்தம் என்றால் கேட்டது கிடைப்பது என்று அம்மா எங்களை வளர்க்கவில்லை. என் தங்கைக்குச் சிறு வயதிலிருந்தே இதய வால்வில் கோளாறு. மூட்டு வீங்கிக் காய்ச்சலோடு தொடங்கியது, இதயத்தில் போய் நின்றது. மாதந்தோறும் ஊசி, அதற்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சபையே ஜெபித்தது. சபைப் போதகரான ஐயர் வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். கூட்டங்களுக்குத் தூக்கிப்போகச் சொன்னவர்கள் உண்டு. உங்கள் விசுவாசம் போதவில்லை என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னவரும் உண்டு. தங்கைக்குச் சுகம் கிடைக்கவில்லை. கல்யாணமாகி ஒரு பெண்ணைப் பெற்றபின், முப்பது வயதைத் தொடுமுன் போய்விட்டாள். துபாயிலிருந்து எனக்கு வசனம் அனுப்புகிறவள் அந்தப் பெண்தான், எங்கள் அம்மாவிடம் வளர்ந்தவள்.

அந்த வருஷங்களில் அம்மா என்ன செய்தாள் என்பது என் கண்ணுக்குள் நிற்கிறது. விடியுமுன் எழுந்து விளக்கடியில் சங்கீதம் வாசிப்பாள். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றாமலேயே மாத்திரைச் சீட்டைப் பார்த்து அன்றைய மாத்திரைகளை மூன்று சின்னக் கிண்ணங்களில் பிரித்துவைப்பாள். பிறகு, "எந்திரி மக்கா, மருந்து நேரமாச்சு." வேதமும் மாத்திரையும் ஒரே மேசையில், ஒரே கண்ணாடியில். உங்கள் விசுவாசம் போதவில்லை என்று சொன்னவர் வீட்டில் பின்னால் ஒரு சாவு விழுந்தபோது, சோறு பொங்கி எடுத்துப்போனவளும் அம்மாதான்.

டோனாவூர் எங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரம். ஏமி கார்மைக்கேல் 1901 முதல் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்த இடம். அம்மா ஒருமுறை எங்களைக் கூட்டிப்போனாள். பணம் வேண்டும் என்று யாரிடமும் கேட்பதில்லை, தேவனிடம் மட்டுமே கேட்பது என்பது அங்கே நியமம். அந்த வழி திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதல்ல. மிஷனெரி ரேனியஸ் ஐயரிடம் படித்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், 1840இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்கியவர், மிஷன் சம்பளம் இல்லாமல் அப்படியே வாழ்ந்து காட்டியிருந்தார். டோனாவூரில் அம்மாவைத் தொட்டது வேறு ஒன்று. கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே, படுக்கையிலேயே இருந்தார். ஆயிரம் பேர் ஜெபித்திருப்பார்கள். அவர் எழுந்து நடமாடவில்லை. அந்தப் படுக்கையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றதால், பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்று வைத்து அதில் ‘அம்மா’ என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். எங்கள் அம்மா அங்கே நெடுநேரம் நின்றாள். திரும்பி வரும் பேருந்தில் தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கூட இருப்பேன்னு சொன்னாரு. கூடத்தான் இருந்திருக்காரு" என்றாள். எழுப்பிவிடுவேன் என்று சொல்லவில்லை என்பதை அவள் தெரிந்தே சொன்னாள். நான் பார்த்த விசுவாசங்களில் இதைவிடப் பெரிதில்லை.

அப்பாவுக்குப் பின் கடை என் தம்பிக்கு வந்தது, இப்போது அவன் மகன் நடத்துகிறான். காலம் தலைகீழாகிவிட்டது. அன்றைக்குச் சீனி வாங்க முடியாதவர்கள் கருப்பட்டிக் காப்பி குடித்தார்கள். இன்றைக்குக் கருப்பட்டி வசதியுள்ளவர்களின் பண்டம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மரம் ஏற ஆள் குறைந்துவிட்டதால் சுத்தமான கருப்பட்டிக்கு என்ன விலை வைத்தாலும் கட்டுப்படியாகாத நிலை. சீனியோ மலிவு. ஆகவே சீனியைக் கரைத்துக் கொஞ்சம் பதநீரோ பழைய கருப்பட்டியோ சேர்த்துக் காய்ச்சினால் லாபம் பல மடங்கு. தொட்டுப் பார்த்தும் நாக்கில் வைத்தும் எல்லாராலும் கண்டுபிடிக்க முடிவதில்லை. வாங்குகிறவர்களே குறைந்த விலையைத்தான் கேட்கிறார்கள். அன்றைக்கு ஏமாந்தவன் விற்க வந்த பனையேறி. இன்றைக்கு ஏமாறுகிறவர் எங்கோ ஊரில், நல்லது என்று நம்பிப் பிள்ளைக்குக் கொடுக்கிற தாய்.

போன தையில் போயிருந்தபோது தம்பி மகன் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தான். வங்கிக் கடன் தவணை ஒரு பக்கம். மறுபக்கம், மிச்சமிருக்கிற சில பனையேறிகள் இந்தப் பருவத்துக்குக் கூலி மாதிரி ஒரு நிச்சயத் தொகையும், அதற்கு மேல் கருப்பட்டி விலையும் வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் யாரும் மரம் ஏறப் போவதில்லை. கேட்பதில் நியாயம் இருக்கிறது.

"வெளியூர் ஏஜென்ட் ஒருத்தர் கலந்ததைக் கேக்காரு அத்தை. மாசம் நிச்சயமா எடுத்துக்கிடுதேன்னு சொல்லுதாரு. தவணை கட்டிரலாம்."

"என்னலே சொன்ன?"

"இல்லன்னுட்டேன். அவரு வேற கடை பாத்துக்கிட்டாரு."

பக்கத்தில் நின்ற தம்பி மனைவி, அம்மா அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள், வேறு வார்த்தைகளில். தம்பி மகன் பதில் சொல்லவில்லை. கைபேசியை எடுத்துப் பழைய வாடிக்கையாளர்களுக்கு விலை ஏன் ஏறுகிறது, பனையேறிக்கு அதில் எவ்வளவு போகிறது என்று எழுதி அனுப்பத் தொடங்கினான். பாதிப்பேர் போய்விடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அன்று மாலை பனையேறிகள் வீட்டுக்கு நானும் கூடப்போனேன். நிச்சயத் தொகைக்கு ஒப்புக்கொண்டான்; கருப்பட்டி விலையைப் பதநீர் கூடுகிற சித்திரையில் சந்தையைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் சம்மதித்தார்கள். முன்பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தான். ரசீதில் விலைக்கான இடத்தை வெறுமையாக விட்டிருந்தான்.